டொக் என்றொரு சத்தம்

அரசியலையும் இலக்கியத்தையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, இன்று ஒரு பழைய காரின் அடிப்பக்கத்தைப் பற்றி எழுதப் போகிறேன். இரும்பையும் கிறீஸையும் பற்றி வாசிக்க விருப்பமில்லாத அன்பர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். ஆயினும் ஊரில் ஹயஸ் வானோ, டிமோ பட்டாவோ, பழைய லொறியோ ஓட்டிப் பிழைக்கும் உறவினர் எவரேனும் உங்களுக்கு இருந்தால், இதனை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நிறுத்தி வைத்த வாகனத்தை முதலாம் கியரில் போட்டு, கிளச்சை மெல்ல விடுகிறீர்கள். பின்பக்கத்தில் எங்கோ 'டொக்' என்றொரு சத்தம் கேட்கிறது. ஓடிக்கொண்டிருக்கையில் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தால் இன்னொரு டொக். மறுபடி மிதித்தால் மூன்றாவது. பின்சில்லுகள் தள்ள ஓடும் வாகனம் வைத்திருந்த எவரும் இச்சத்தத்தை ஒரு நாளாவது கேட்டிருப்பார்கள். கராஜுக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் கிடைக்கும் தீர்ப்பு, "டிபரன்ஷல் போயிட்டுது" என்பதாகும். விசாரணை நடத்தாமல் வழங்கப்படும் தீர்ப்புகளில் இதுவும் ஒன்று. அதற்கான தண்டப்பணத்தைக் கட்டுபவர் சாரதி.

இலங்கையில் இந்த அறிவு ஏன் இத்தனை காலம் தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்ல வேண்டும். 1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த அரசு இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அதற்கு முன்னர் வந்திறங்கிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் போன்ற கார்களை எப்பாடுபட்டாவது ஓட வைத்திருக்க வேண்டிய நிலை உருவாயிற்று. 1977க்குப் பின்னர் யப்பானிய வாகனங்கள் வந்தன. ஆயினும் போர் தொடங்கியதும் வடக்கிலும் கிழக்கிலும் பழையவற்றின் ஆயுள் மீண்டும் நீண்டது. யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காத காலத்தில், சில துளி பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பின்னர் 2020 மார்ச்சில், அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அத்தடை நீங்கியது 2025 பெப்ரவரியில்தான். ஆக, கழற்றி எறிந்துவிட்டுப் புதியது வாங்கும் வசதி நமக்கு எப்போதும் இடைவிட்டு இடைவிட்டே வாய்த்திருக்கிறது.

மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த கார் இது. பிரித்தானியக் கார்களில் பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை முதலில் தொட்டதும் இதுவே. இயந்திரம் முன்னால் இருக்கிறது. தள்ளும் சில்லுகள் பின்னால் இருக்கின்றன. இடையில் ஒரு நீண்ட இரும்புக் குழாய் ஓடுகிறது. அதுதான் புறொப்பெல்லர் ஷாஃப்ட். இயந்திரத்தின் சுழற்சி கிளச்சையும் கியர்பெட்டியையும் கடந்து இந்தக் குழாய்க்கு வருகிறது. குழாயின் இரு முனைகளிலும் சிலுவை வடிவத் துண்டொன்றைக் கொண்ட யுனிவர்சல் ஜொயின்ற் இருக்கிறது. அதன் பின்னர் பினியன் என்னும் சிறு பற்சக்கரம், அது சுழற்றும் பெரிய கிரவுண் சக்கரம், டிபரன்ஷலுக்குள் இருக்கும் குட்டிப் பற்சக்கரங்கள், இரு பக்கமும் செல்லும் அரை அச்சுகள், கடைசியாகச் சில்லு. இதே இசிகோனிஸ் 1959இல் மினி காரை வடிவமைத்தபோது, இயந்திரத்தைக் குறுக்காக வைத்து, முன்சில்லுகளையே இயக்கி, இந்த நீண்ட குழாயை முற்றாக இல்லாமற் செய்துவிட்டார் என்பது சுவையான செய்தி. நம்மூர் மெக்கானிக்குகளின் பாதித் தலைவலியை அவர் அன்றே ஒழித்துவிட்டார். அவர் ஒழித்தது மினியில் மட்டுமே!

இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் மிகச் சிறிய தளர்வு இருந்தே ஆகவேண்டும். இறுக்கமாகப் பொருத்தினால் பற்சக்கரங்கள் சூடேறிக் கடித்துக்கொள்ளும். கார்களில் கிரவுணுக்கும் பினியனுக்கும் இடையில் விடப்படும் இடைவெளி பெரும்பாலும் 0.1 முதல் 0.2 மில்லிமீற்றர் வரை இருக்கும். கொழும்புக்குப் புறப்படும் உதயதேவி ரயில் மட்டக்களப்பு நிலையத்திலிருந்து நகரும் கணத்தை நினைத்துப் பாருங்கள். முதற்பெட்டி இழுபட்டு, அடுத்தது இழுபட்டு, 'டக் டக் டக்' என்று கடைசிப் பெட்டிவரை அந்த அசைவு போய்ச் சேரும். பெட்டிகளை இணைக்கும் கொளுக்கிகளில் உள்ள தளர்வு ஒவ்வொன்றாக இறுகும் ஓசை அது. காரிலும் அதுவே நடக்கிறது. அக்சிலேற்றரை மிதிக்கும்போது இயந்திரம் சில்லைத் தள்ளுகிறது. காலை எடுத்தால் சில்லு இயந்திரத்தைத் தள்ளுகிறது. விசை திசைமாறும் அந்தக் கணத்தில் எல்லாத் தளர்வுகளும் ஒருமிக்க இறுகுகின்றன. தளர்வு அளவோடு இருந்தால் காதில் விழாது. ஏதாவதொரு கண்ணி தேய்ந்திருந்தால் டொக் என்று அடிக்கும். எந்தக் கண்ணி என்பதுதான் கேள்வி.

1996ஆம் ஆண்டில் இக்கேள்வி எங்கள் குடும்பத்தில் பெரிதாக எழுந்தது. அப்போது நான் பத்திரிகைத் தொழிலுக்குப் புதியவன். அம்மாவின் தம்பியான எனது மாமா, 948 சீசீ மொறிஸ் மைனர் ஒன்றை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். எழுவான்கரையில் இருந்து வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போய் வரத் துணிந்த சில சாரதிகளில் அவரும் ஒருவர். நெல்லும் வரும், கலியாணக்காரரும் வருவர். எல்லாவற்றிலும் அதிகமாக நோயாளிகள் வந்தார்கள். மண்முனைத்துறையில் அந்நாளில் பாலம் இல்லை. பாதையில் ஏற்றித்தான் வாகனத்தை அக்கரைக்குக் கொண்டுபோக வேண்டும். வாவியின் மேல் மிதந்து செல்லும் அந்தத் தட்டையை எங்கள் பகுதியில் 'பாதை' என்றே அழைப்போம். பாதையில் ஏறும்போது ஒரு டொக். இறங்கும்போது ஒரு டொக். சோதனைச்சாவடிதோறும் நின்று புறப்படுகையில் ஒவ்வொரு டொக்.

ஓர் இரவு, காய்ச்சல் கண்டு வலிப்பு வந்த பிள்ளையொன்றைத் தாயோடு ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். சாவடியில் நின்ற சிப்பாய் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு "யன்ன" என்று கையைக் காட்டியிருக்கிறார். மாமா கிளச்சை விட்டதும் கார் டொக்கென்று அடித்தது. அடுத்த கணம் இரண்டு துப்பாக்கிகள் உயர்ந்தன. மாமா ஸ்ரியறிங்கை விட்டுவிட்டு இரு கைகளையும் உயர்த்திக்கொண்டு, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் "கார் எக்க சத்தே, மாத்தயா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். அந்தத் தாய் பிள்ளையின் மேல் கவிழ்ந்து படுத்துவிட்டாள். நல்ல காலம், மூத்த சிப்பாய் ஒருவர் சிரித்துவிட்டார். பிள்ளையும் பிழைத்தது. ஆனால் அந்தச் சத்தத்தோடு இனி இரவில் ஓட முடியாது என்று மாமா முடிவு செய்தார். இரவில் ஓடாவிட்டால் நோயாளிகளுக்கு வேறு வாகனம் இல்லை. அவருக்கும் வருமானம் இல்லை.

நகரில் ஒரு கராஜில் காட்டினார். பின்சில்லை உயர்த்தி, கையால் முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்துவிட்டு, டிபரன்ஷல் முழுவதும் மாற்ற வேண்டும் என்றார்கள். தொகையைக் கேட்டதும் மாமி தனது காப்புகளைக் கழற்றி மேசையில் வைத்தார். அடகுக்கடைக்குப் போகும் வழியில், நண்பர் ஒருவரின் வற்புறுத்தலால், புளியந்தீவில் வசித்த பறங்கியர் ஒருவரிடம் காரை மாமா கொண்டுபோனார். நானும் கூடப் போயிருந்தேன்.

மட்டக்களப்புப் பறங்கியரைப் பற்றி அறியாதவர்களுக்கு ஒரு சொல். போர்த்துக்கேயர் வழிவந்தவர்கள். வீட்டில் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியும் வெளியில் நல்ல மட்டக்களப்புத் தமிழும் பேசுவார்கள். தச்சுவேலையும் இரும்புவேலையும் அவர்களுக்குத் தலைமுறைத் தொழில். அந்தப் பெரியவருக்கு அப்போதே அறுபது தாண்டியிருக்கும். நாங்கள் அங்கிள் என்றே அழைத்தோம். கராஜ் என்று சொல்லப் பலகை எதுவும் கிடையாது. வளவுக்குள் ஒரு மாமரம், அதன் கீழே சீமெந்து பூசிய குழி, அவ்வளவுதான்.

மாமா சத்தம் எந்த இடத்தில் கேட்கிறது என்று விளக்கத் தொடங்கினார். பெரியவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"எங்க கேக்குதெண்டு நான் கேக்கல்ல தம்பி. எப்ப கேக்குதெண்டு சொல்லுங்க."

பின்னர் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பள்ளத்தில் விழும்போது கேட்கிறதா? இல்லை. கேட்டிருந்தால் அது ஸ்பிறிங்கோ, ஷொக் அப்ஸோபரோ. பிறேக் பிடிக்கும்போது மட்டுமா? இல்லை. ஒரே வேகத்தில் ஓடும்போது ஊளையிடுவது போன்ற சத்தம் உண்டா? இல்லை. இருந்திருந்தால் கிரவுணையும் பினியனையும் சந்தேகிக்கலாம். அவை தேய்ந்தால் பெரும்பாலும் டொக்குக்கு முன்னரே ஊளை தொடங்கிவிடும். மெதுவாக உருளும்போது குருவி கத்துவது போலக் கீச் கீச்சென்று கேட்டதுண்டா? மாமா சிறிது யோசித்தார். "ஓம் அங்கிள், மாரிக்குப் பிறகு கொஞ்ச நாள் கேட்டது. பிறகு அது தானா நிண்டிட்டு." பெரியவர் தலையை ஆட்டினார்.

ஆனால் அவர் உடனே குழிக்குள் இறங்கவில்லை. முதலில் நான்கு சில்லுகளின் நட்டுகளையும் இறுக்கிப் பார்த்தார். தளர்ந்த சில்லு நட்டும் டொக்கென்று அடிக்கும். அதற்கு மருந்து ஒரு ஸ்பானர் மட்டுமே. அடுத்து பொனற்றைத் திறந்து, ஹான்ட் பிறேக்கைப் போட்டு, கிளச்சை அரைவாசி விடச் சொல்லி, இயந்திரம் எவ்வளவு சரிகிறது என்று பக்கவாட்டில் நின்று பார்த்தார். இயந்திரத்தைத் தாங்கும் றப்பர் கிழிந்திருந்தால் அது துள்ளி எழும். காரின் முன்னால் நிற்கப் போன என்னைச் சட்டையைப் பிடித்து அப்பால் இழுத்தார். அதன் பின்னர் பின்பக்க வில்லுத்தட்டுகளை அச்சோடு கட்டியிருக்கும் யூ வடிவ பொல்ற்றுகளையும், வில்லின் முனைகளில் உள்ள றப்பர்களையும் பார்த்தார். அவை தளர்ந்தால் முழு அச்சுமே புறப்படும்போது முறுகி அடிக்கும். மலிவானதிலிருந்து விலை கூடியதை நோக்கி அவர் போய்க்கொண்டிருந்தார். கராஜ்காரர்கள் தொடங்கிய இடம் அவருக்குக் கடைசி இடம்.

பிறகுதான் குழிக்குள் இறங்கினார். முன்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஹான்ட் பிறேக் இழுத்து, கியர் நியூட்ரலில் இருந்தது. புறொப்பெல்லர் ஷாஃப்ட்டை இரு கைகளாலும் பற்றி இடமும் வலமுமாகத் திருகினார். அது சிறிது ஆடியது. "இத ஆட்டிப்போட்டுத்தான் டிபரன்ஷல் எண்டு சொல்லியிருப்பாங்க. ஆடுறது இல்ல விசயம். ஆர் ஆடுறா, ஆர் ஆடாம நிக்கிறா எண்டு பாக்கணும்." ஒரு கையால் குழாயின் முனையையும் மறுகையால் பினியனோடு பூட்டிய தட்டையும் பிடித்துத் திருகினார். குழாய் அசைந்தது, தட்டு அசையவில்லை. இடையில் இருந்த பின்பக்க யுனிவர்சல் ஜொயின்ற்றில்தான் தளர்வு. லாம்பைக் கிட்டப் பிடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். சிலுவைத் துண்டின் முனையில், மூடியின் ஓரமாக, காவி நிறத்தில் மெல்லிய தூள் படிந்திருந்தது. உள்ளே இருக்கும் ஊசி போன்ற பெயாறிங் உருளைகள் துருப்பிடித்து அரைபட்டு வெளியே வந்த தூள். மாமா கேட்ட கீச்சொலி, கிறீஸ் இல்லாமல் அவை உரசிய ஓசை. கீச்சொலி தானாக நின்றது குணமாகிவிட்டதால் அல்ல. ஊசிகள் முறிந்துவிட்டதால்.

ஐயந்தீர டிபரன்ஷல் எண்ணெயையும் வடித்துப் பார்த்தார். இரும்புத் துகள் இல்லை. பால் கலந்த தேநீர் போன்ற நிறமும் இல்லை. இந்த இரண்டாவது சோதனை வாவிக்கரை ஊர்களுக்கு மிகவும் முக்கியமானது. ஓடிச் சூடேறிய அச்சை வெள்ளத்துக்குள் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்றுச் சடுதியாகக் குளிர்ந்து சுருங்கும். காற்றுப் போகவென விட்ட துவாரத்தாலும் தேய்ந்த சீலாலும் தண்ணீர் உறிஞ்சப்படும். எண்ணெய் பால்போல மாறும், பற்சக்கரங்கள் துருப்பிடிக்கும். 2011 ஜனவரி வெள்ளத்தின்போது மட்டக்களப்பில் நாட்கணக்கில் வாகனங்கள் தண்ணீருக்குள் ஓடின. அவ்வெள்ளம் வடிந்த பின்னர் எண்ணெய் மாற்றாத பலர், சில மாதங்கள் கழித்து டிபரன்ஷலுக்கே செலவழிக்க நேர்ந்தது. யுனிவர்சல் ஜொயின்ற்றின் கிறீஸையும் வெள்ளம் இவ்வாறே கழுவிவிடும். உப்புக்காற்று மிகுதியைப் பார்த்துக்கொள்ளும்.

பெரியவர் ஒரு நீண்ட இரும்புக்கம்பியை வைத்திருந்தார். அதன் ஒரு முனையைக் கியர்பெட்டியிலோ அச்சிலோ வைத்து, மறுமுனையில் ஒட்டிய மரக்குமிழைக் காதோடு வைத்துக் கேட்பார். இதைக் கண்டதும் எனக்கு வாவியின் பாடும்மீன் நினைவுக்கு வந்தது. நிலவு நாளில் தோணியில் போய்த் துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்கும் வழக்கம் நம்மவர் எல்லோரும் அறிந்ததே. இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் 1848இல் இவ்வாவியில் அந்த ஓசையைக் கேட்டார். 1859இல் வெளியான தமது நூலில், தோணியின் மரத்தில் காதை வைத்தபோது ஒலி பன்மடங்கு பெரிதாகக் கேட்டது என்று எழுதியிருக்கிறார். மீனவர்கள் அது ஊரியின் ஓசை என்று சொல்லிக் காட்டியதையும் பதிவு செய்திருக்கிறார். காற்றைவிட மரமும் இரும்பும் ஒலியை நன்றாகக் கடத்தும். கார் விடயத்தில் இதற்கு ஒரு பாதகமான பக்கமும் உண்டு. ஓர் இடத்தில் எழும் அடி, இரும்புக் குழாய் வழியே ஓடி இன்னோர் இடத்தில் பெரிதாக முழங்கும். உள்ளே வெறுமையான குழாய் மணிபோல ஒலிக்கும். ஆகவேதான் 'எங்கே' என்ற கேள்வி ஏமாற்றும்; 'எப்போது' என்ற கேள்வி ஏமாற்றாது. பத்திரிகைத் தொழிலில் பின்னர் எனக்கு இப்பாடம் பலமுறை உதவியிருக்கிறது. வதந்தி உரக்கக் கேட்கும் இடமும் அது பிறந்த இடமும் ஒன்றாக இருந்ததை நான் அபூர்வமாகவே கண்டிருக்கிறேன்.

புதிய ஜொயின்ற் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் வந்தது. கழற்றும் முன்னர் இரு தட்டுகளிலும் வெள்ளை மையால் ஒரே நேரே கோடு போட்டார். குழாயின் இரு முனை ஜொயின்ற்றுகளும் ஒன்றுக்கொன்று நேராக இருக்க வேண்டும். சாய்வாகச் சுழலும் ஒரு ஜொயின்ற், ஒரு சுற்றுக்கு இருமுறை வேகங்கூடி இருமுறை வேகங்குறையும். மறுமுனை ஜொயின்ற் அந்த ஏற்றத்தாழ்வைச் சமன்செய்கிறது. இடம்மாறிப் பூட்டினால் டொக் போய், அதிர்வு வந்து சேரும். ஊசி உருளைகளை ஒவ்வொன்றாகக் கிறீஸில் ஒட்டி அடுக்கினார். ஓர் ஊசி சரிந்து அடியில் குறுக்கே விழுந்தாலும் மூடி உட்காராது என்றார். அடித்து இறக்குபவன் அப்போதுதான் சுத்தியலைத் தேடுவானாம். ஜொயின்ற்றின் விலையும் அவர் வாங்கிய கூலியும் சேர்ந்து, கராஜ் சொன்ன தொகையில் சிறு பங்குகூட இல்லை. மாமியின் காப்புகள் அன்றிரவே கைக்குத் திரும்பின. மாமா மறுநாள் படுவான்கரைக்குப் போனார்.

அந்த ஜொயின்ற்றை அப்படியே விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்றும் பெரியவர் சொன்னார். பின்பக்கம் முறிந்தால் குழாய் வீதியில் இழுபடும். முன்பக்கம் முறிந்தால் குழாயின் முனை வீதியில் குத்தி வாகனத்தையே கிளப்பக்கூடும். ஆகவே டொக் என்ற சத்தத்தை வானொலியை உரக்க வைத்து மறைக்காதீர்கள்.

இன்று ஹயஸ், டிமோ பட்டா, எல்ஃப் லொறி ஓட்டும் தம்பிமாருக்கும் இதே வரிசை பொருந்தும். கூடுதலாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்ஃப், லான்ட் றோவர் போன்ற சில வாகனங்களில் ஹான்ட் பிறேக் சில்லில் இல்லை. கியர்பெட்டியின் பின்னால், குழாயைப் பிடித்து நிறுத்தும் வகையில் இருக்கிறது. அவற்றில் குழாயைக் கழற்றியதும் ஹான்ட் பிறேக்கும் போய்விடும். ஒரு பின்சில்லை மட்டும் ஜாக்கில் உயர்த்தினாலும் டிபரன்ஷல் காரணமாக வாகனம் உருளும். கியரில் போட்டு நிறுத்தியிருக்கிறேன் என்ற நம்பிக்கையும் அங்கே உதவாது. சில்லுகளுக்குக் கட்டை வைக்காமல் அடியில் போக வேண்டாம்.

மண்முனையில் 2014இல் பாலம் வந்துவிட்டது. அங்கே பாதையில் காத்து நிற்கும் வேலை ஒழிந்தது. பறங்கியப் பெரியவர் 2004 டிசம்பர் 26ஐக் காணாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். டச்பாரில் வாழ்ந்த அவரது உறவினர் பலரைக் கடல் அன்று கொண்டுபோயிற்று. எஞ்சியவர்களில் சிலர் அவுஸ்திரேலியாவில் இருக்கிறார்கள். மாமா முதுமையினால் வாகனம் ஓட்டுவதை விட்டுவிட்டார். மொறிஸ் இப்போது அவரது மகனிடம் இருக்கிறது. மாரி முடிந்ததும் முதல் வேலையாக அவன் குழிக்குள் இறங்கி ஜொயின்ற்றுகளுக்குக் கிறீஸ் அடிக்கிறான். எண்ணெயைச் சிறிது வடித்து, வெள்ளைப் பீங்கான் கோப்பையில் ஊற்றி நிறம் பார்க்கிறான். அரைமணி நேர வேலை. உங்கள் வாகனத்துக்கும் அதைச் செய்யுங்கள்.